தாறன் எண்டு சொல்லாத ஜுமா

மொழிபெயர்க்கிற தொழிலில சொன்னவரும் தப்பிடுவார், கேட்டவரும் தப்பிடுவார். நடுவில இருந்தவன்தான் ரெண்டு பக்கத்தாலயும் ஏச்சு வாங்குவான்.

மாமிக்கும் மருமகளுக்கும் நடுவில, டொக்டருக்கும் காது கேளாத தகப்பனுக்கும் நடுவில, அரசாங்கக் கச்சேரியில கிளாக்கருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் நடுவில நிண்டு கதை கடத்தின ஆக்களே, இது உங்களுக்குத்தான். எனக்குச் சம்பளம் இருக்கு, உங்களுக்கு இல்ல. மற்றப்படி நம்மட பாடு ஒண்டுதான்.

நான் இளந்தாரியா இருக்கக்குள்ள தான்சானியாவுக்குப் போய், தங்கா எண்ட கடற்கரைப் பட்டணத்தில சீமெந்துக் களஞ்சியம் பாத்தவன். சுவாஹிலி அங்கதான் வாயில ஏறிச்சு. ஊருக்குத் திரும்பி வந்த பொறகு, களுதாவளையில மனிசிட வீட்டுச் சின்ன அறையில ஒரு லப்டொப்பையும் ஹெட்செட்டையும் வைச்சுக்கொண்டு, இங்கிலீசைச் சுவாஹிலிக்கு மாத்திக் குடுக்கிறன். சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆபிரிக்காவில இருந்து கனக்க நோயாளிகள் வருவாங்க. அவங்கட கடுதாசியை மாத்திறதும் நான்தான், வீடியோவில கதையை மாத்திறதும் நான்தான். அங்க எனக்குப் பொறுப்பா இருக்கிறது பிருந்தா எண்ட சென்னைப் பிள்ளை.

ஆஸ்பத்திரிக் கடுதாசி முழுக்கக் குடுக்கிறதும் விடுறதும்தான். சம்மதம் குடு, உறுப்பைக் குடு, உள்ள விடு, வெட்ட விடு, உரிமை வழங்கு. இங்கிலீஸ்காரன் ஒவ்வொண்டுக்கும் ஒரு சொல் வைச்சிருக்கான். சுவாஹிலியிலயும் சொல்லுக்குப் பஞ்சமில்ல. எடுத்த சொல்லைக் கொண்டுபோய் மனிசருக்கு முன்னால வைக்கக்குள்ளதான் சோலி தொடங்கும்.

வாசலில நிண்டவங்க

முதல் வந்த வேலை ஒரு அறிவித்தல் பலகை. 'அனுமதி இல்லாம உள்ள வரப்படாது.' இதென்ன பெரிய வேலை எண்டு, பிளேன்டீ ஆற முந்தி மாத்தி அனுப்பிட்டன். அடுத்த கிழமை பிருந்தா கோல் எடுத்தா. "சார், என்ன சார் எழுதிக் குடுத்தீங்க? தான்சானியாக்காரங்க எல்லாம் வார்டு வாசல்ல நின்னு கத்துறாங்க சார்!"

என்னெண்டு கத்துறாங்க எண்டு கேட்டன். "ஹோடி, ஹோடின்னு கத்துறாங்க" எண்டா. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போச்சு. அந்தக் கரையில ஒரு வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டிறல்ல. வெளிய நிண்டு 'ஹோடி' எண்டு கூப்பிடோணும். உள்ள இருந்து 'கரிபு' எண்டு குரல் வந்தால்தான் கால் எடுத்து வைக்கலாம். குரல் வராட்டி, வீட்டுக்குள்ள ஆள் இருக்கிறது தெரிஞ்சாலும், கோவிக்காமத் திரும்பிப் போகோணும். பலகையில அனுமதி கேள் எண்டு எழுதினது நான். அவங்க தங்கட முறைப்படி மரியாதையாக் கேட்டிருக்காங்க. பதில் சொல்ல ஆரும் இல்லாததால சொந்தத் தாயைப் பாக்க வந்த மகள்மார் கூட, கொண்டுவந்த சாப்பாட்டோட திரும்பிப் போயிருக்காங்க. பூட்டில்லாத கதவு, காவலில்லாத கதவு, தள்ளினால் திறக்கும். ஒருத்தரும் தள்ளல்ல. பிளேனேறி, கடல் தாண்டி வந்த சனம், ஒரு சொல் வராததால வாசலோட நிண்டுட்டுது.

பலகையைக் கழட்ட வேணாம், உள்ள இருந்து 'கரிபு' எண்டு சொல்ல ஒரு ஆளைப் பழக்குங்க எண்டு பிருந்தாவுக்குச் சொன்னன். மாதக் கடைசியில அவட குரலில சந்தோசம் தெரிஞ்சுது. "சார், எங்க செக்யூரிட்டி அண்ணன் இப்ப பால்காரர் வந்தாக்கூட 'கரிபு'ங்கிறாரு சார், அவர் பொண்டாட்டி எனக்கு போன் பண்ணி இது என்ன வியாதின்னு கேக்குறாங்க!"

காக்கா

அப்பதான் ஜுமாவும் மரியமுவும் வந்தாங்க. தங்காவுக்கு வடக்க ஒரு மீன்பிடிக் கிராமம். மரியமு சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவ. ரெண்டு சிறுநீரகமும் பழுதாப் போய், மெசின்ல இரத்தம் சுத்திகரிச்சுத்தான் நாள் போகுது. ஜுமா அவட தமையன், தோணிக்காரன், கட்டுமஸ்தான ஆள். அவன்ட சிறுநீரகம் தங்கச்சிக்குப் பொருந்தும் எண்டு சோதனையில தெரிஞ்சிட்டுது. இனி ஒரு கண்டம்தான் இருக்கு. அனுமதிக் குழு எண்டு ஒண்டு கூடி, ஜுமாட வாயால கேக்கும். காசுக்காகவோ, பயத்திலயோ, ஆராவது வெருட்டியோ இல்ல, சொந்த விருப்பத்திலதான் குடுக்கிறன் எண்டு அவன் சொல்லோணும். சொன்னால் ஒப்பிரேசன். சொல்லாட்டி மரியமுவுக்கு மெசின்தான், அதுவும் உடம்பு தாங்கிற மட்டும்.

முதல் நாள் வீடியோவில மரியமு என்னைப் பாத்ததும், தங்காவில இருந்த மனிசனா எண்டு கேட்டுக் கண்ணெல்லாம் சிரிச்சா. பொறகு பக்கத்தில திரும்பி, "காக்கா, இஞ்ச வாங்க, இவருக்கு நம்மட கதை தெரியும்" எண்டா. சுவாஹிலியில அண்ணனுக்குச் சொல் காக்கா. அக்காவுக்குத் தாதா. தங்காவில முதல்முதல் இதைக் கேட்ட அண்டு எனக்கு நம்ப ஏலாமப் போச்சு. நமக்குக் கிட்ட, காத்தான்குடி முஸ்லிம் ஆக்கள் தமையனைக் கூப்பிடுற அதே சொல். அங்க இருந்து எவ்வளவு தூரத்தில, எங்கயோ ஒரு கரையில, ஒரு பெட்டை தமையனைக் 'காக்கா' எண்டு கூப்பிடுறாள். எப்பிடி வந்துது, ஆர் கொண்டுபோனது, இல்லாட்டி சும்மா பொருந்திப் போச்சா, எனக்குத் தெரியா. தெரியாமலே இவ்வளவு காலமும் அதிசயப்பட்டுக்கொண்டு இருக்கன்.

அண்டைக்கு அரை மணித்தியாலமா மரியமு 'காக்கா, காக்கா' எண்டதும், நானும் 'காக்கா' எண்டதும் வீடு முழுக்கக் கேட்டிருக்கு. குசினியில இருந்து என்ட மனிசி தலையை நீட்டினா. "என்னங்க, சென்னை எண்டு சொல்லிப்போட்டு விடிய இருந்து காத்தான்குடி ஆக்களோடயா பறைஞ்சுகொண்டு இருக்கீங்க?"

மூண்டு சொல்லும் திரும்பி வந்துது

குழுவுக்கு முன்னால ஜுமா வாசிச்சு விளங்கிக்கொள்ள ஒரு விளக்கக் கடுதாசி. இங்கிலீசில 'உறுப்பை அன்பளிப்பாக் குடுக்கிறவர்' எண்டு கிடந்துது. நான் 'ஸவாதி' எண்டு போட்டன். பரிசு, அன்பளிப்பு எல்லாத்துக்கும் அதுதான் சொல். ஜுமா வாசிச்சுட்டுத் தலையைச் சொறிஞ்சான். "ஸவாதி எண்டால் கலியாண வீட்டில கடுதாசி சுத்திக் குடுக்கிறதெல்லோ? இதை ஆரு சுத்திறது?" எண்டு கேட்டான்.

சரி, தானம் எண்டு போடுவம் எண்டு 'ஸதாகா' எண்ட சொல்லைச் சொல்லிப் பாத்தன். அவன்ட முகம் கறுத்துப்போச்சு. அது ஏழை எளியதுக்குப் போடுறது, என்ட தங்கச்சி பள்ளிவாசல் படியில குந்திக்கொண்டா இருக்கிறாள் எண்டு கேட்டான். ஞாயமான கோவம். வாயை மூடிக்கொண்டு அதையும் வெட்டினன்.

மிஞ்சினது 'சங்கியா'. இரத்ததானத்துக்கு அங்க எல்லா ஆஸ்பத்திரியிலயும் இந்தச் சொல்தான். ஊரில சாவீடோ கலியாண வீடோ வந்தால் எல்லாரும் சேர்ந்து பங்கு போடுறதுக்கும் அதேதான். இதில பிழை பிடிக்க ஏலாது எண்டு நிமிர்ந்து இருந்தன். ஜுமா ரெண்டு தரம் வாசிச்சான். பொறகு மிச்சம் பணிவா என்னைக் கேட்டான்: "பங்கு போடுறதெண்டால் சரி, ஐயா, மற்ற ஆக்கள் என்னென்ன போடுறாங்க?"

தாய்க்குச் சொல்லாம

மறுகா, கையெழுத்து வைக்க முந்தி அம்மாவிட்ட அனுமதி கேக்கோணும் எண்டு ஜுமா ஒத்தைக்காலில நிண்டான். டொக்டர் நல்ல மனிசன். ஆனா ஆறுதலாக் கதைக்க நேரமில்லாத மனிசன். நீ வளர்ந்த ஆள், உன்ட உடம்பு, சட்டப்படி வேற ஒருத்தர்ட அனுமதியும் தேவையில்ல எண்டார். அதை நான் அப்பிடியே சுவாஹிலியில சொன்னன். ஜுமா தலையை ஆட்டிப்போட்டு, "ஓம் ஐயா, விளங்குது. அம்மாவுக்கு எப்ப கோல் எடுக்கிறது?" எண்டான்.

எடுத்தாச்சு. கிராமத்தில ஆர்ட போனிலயோ தாய் வந்தா, முகம் தெரியல்ல, குரல் மட்டும். டொக்டர் ஒப்பிரேசனை விளங்கப்படுத்தினார். எந்தப் பக்கம் எண்டு கேட்டா. இடப்பக்கம். அவன் அந்தப் பக்கம் சரிஞ்சுதான் சின்னனில இருந்து படுக்கிறவன், இனி எந்தப் பக்கம் படுப்பான் எண்டு கேட்டா. டொக்டர் யோசிச்சு, கொஞ்ச நாளைக்கு மல்லாந்து படுக்கட்டும், பொறகு எப்பிடியும் படுக்கலாம் எண்டார். பொறகு அவ கேட்டா: "டொக்டர், நீங்க இண்டைக்கு வேலைக்கு வெளிக்கிடக்குள்ள உங்கட அம்மாவுக்குச் சொல்லிட்டா வந்த நீங்க?"

நம்மட தொழிலில ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஆர் கதைச்சாலும் அவர் 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லோணும். கேட்ட கேள்வியை மழுப்பப்படாது, குறைக்கப்படாது, கூட்டப்படாது. அதனால அவ்வளவு பெரிய டொக்டரைப் பாத்து இங்கிலீசில அதே கேள்வியைக் கேட்டன். அவர் கண்ணாடியைக் கழட்டினார். எப்பவும் இங்கிலீசில கதைக்கிறவர், தமிழில, "ஆமாம்மா, சொல்லிட்டுத்தான் வந்தேன், தினமும் சொல்லிட்டுத்தான் வருவேன்" எண்டார். அதை நான் சுவாஹிலியில சொன்னன். ஒருத்தரை ஒருத்தர் கண்டதில்ல, பேர் தெரியா, பாசை தெரியா, ஒரே கேள்வியில அவ அந்த மனிசனை அளந்து முடிச்சுட்டா. அங்கால இருந்து மூச்சு விடுற சத்தம் கேட்டுது. "அப்ப சரி, அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே, கையை வைக்கச் சொல்லுங்க" எண்டா.

குழுவுக்கு முன்னால

அந்த நாளும் வந்துது. பெரிய மேசை, சுத்திவர ஆக்கள், நடுவில குழுத் தலைவி. நல்ல வயசு, நல்ல நிதானம். எதிர்ப்பக்கம் ஜுமா, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு. மரியமுவை வெளிய இருத்திட்டாங்க. நான் வழக்கம்போல களுதாவளையில, மேசையில நிக்கிற ஒரு திரைக்குள்ள. ஜுமாவைத் தவிர அங்க இருந்தவங்க எல்லாரும் தமிழ் ஆக்கள்தான், நானும் தமிழன்தான். பதிவு இங்கிலீசில போறதால எல்லாரும் இங்கிலீசில கதைச்சுக்கொண்டு இருந்தம்.

பேர், ஊர், உறவுமுறை எல்லாம் ஒழுங்காப் போச்சு. பொறகு தலைவி கேட்டா: "உங்கட சிறுநீரகத்தைத் தங்கச்சிக்குச் சொந்த விருப்பத்தில குடுக்கிறீங்களா?"

நான் சுவாஹிலியில கேட்டன். ஜுமா யோசிக்கவே இல்ல. "இல்ல. நான் குடுக்கல்ல" எண்டான்.

கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். 'இல்ல. நான் குடுக்கல்ல' எண்டு இங்கிலீசில சொன்னன். மேசையில எல்லாற்ற பேனையும் நிண்டுது. தலைவி திரும்பவும், இன்னும் ஆறுதலாக் கேட்டா. திரும்பவும் அதே பதில். பக்கத்தில இருந்த ஒருத்தர், ஆள் விருப்பமில்ல எண்டு தெளிவாச் சொல்றான், இனி நம்ம கையில ஒண்டுமில்ல எண்டு மெல்லச் சொன்னார். ஃபைலை மூட அவர்ட கை போச்சு. அவரிலயும் பிழை இல்ல. விருப்பமில்லாதவனைக் காப்பாத்தத்தானே அந்தக் குழு இருக்கு. கதவுக்கு அங்கால மரியமு குந்தி இருக்கிறா, என்ன நடக்குது எண்டு தெரியாம.

இவன் என்னத்தைச் சொல்றான் எண்டு எனக்கு விளங்கிட்டுது. கொக்கட்டிச்சோலையில என்ட தங்கச்சிட வீட்டைக் கட்டினது நானும் தம்பியும். தங்காவில நான் உழைச்சதும் வயல் வட்டையில தம்பி விளைவிச்சதும் அந்தச் சுவருக்குத்தான் போச்சு. அவ வீடு குடிபுகுந்து முடிஞ்ச பொறகுதான் நாங்க ரெண்டு பேரும் கலியாணம் கட்டி மனிசிமார்ட வீட்டுக்குப் போனம். கொழும்பில இருந்து வந்த ஒரு கூட்டாளி, 'தங்கச்சிக்கு வீடு குடுத்த அண்ணன்மார்' எண்டு புகழ்ந்த அண்டு தம்பி எரிஞ்சு விழுந்தான். குடுக்க அது நம்மடயா, அவட வீடு அவட எண்டான். இதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள்ள ஓடுது. வாயைத் திறந்து சொல்ல ஏலாது. நடுவில நிக்கிறவன் அவனுக்காக வாதாடப் போனால், பொறகு அவன்ட சம்மதம் அவன்ட சம்மதமா இராது. நாக்கைக் கடிச்சுக்கொண்டு, "மொழிபெயர்ப்பாளன் கதைக்கிறன். நீங்க அனுமதி தந்தால் அவரிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா?" எண்டன். தலைவி என்னை ஒரு பார்வை பாத்தா. "கேளுங்க" எண்டா.

ஏன் எண்டு மட்டும் கேட்டன். அதுக்கு மேல ஒரு சொல் இல்ல.

ஜுமா கையை மேசையில வைச்சான். "குடுக்கிறதெண்டால் அது என்ட சாமானா இருக்கோணும். எங்கட வீட்டில தங்கச்சிமாருக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கிறல்ல. வாப்பா மவுத்தாகக்குள்ள, அவட பங்கு உன்னிட்ட இருக்கு, தேவைப்படுற அண்டு எடுப்பாள் எண்டுட்டுத்தான் போனார். அவ இவ்வளவு காலமும் ஒண்டும் கேக்கல்ல. இப்ப இது தேவைப்படுது. இது அவட. நான் வைச்சிருந்தன், அவ்வளவுதான். தாறன் எண்டு சொன்னால் தங்கச்சியை என்ட கடன்காரி ஆக்கிற மாதிரி. அதை நான் சொல்லமாட்டன்."

'நான் வைச்சிருந்தன்' எண்டு அவனுக்காக நான் 'நான்' சொல்லக்குள்ள என்ட குரல் உடைஞ்சுது. தொழிலுக்கு அது சரியில்ல. உடைஞ்சதை என்ன செய்யிறது? தலைவி ஜுமாவைப் பாத்தா. பொறகு, டொக்டர்மார் எடுக்க வரக்குள்ள நீங்க தடுப்பீங்களா எண்டு கேட்டா. தடுக்க நான் ஆர் எண்டான். வேண்டாம் எண்டு இப்ப சொன்னாலும் உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யாங்க, அது தெரியுமா எண்டா. தெரியும் எண்டான். வீட்டில ஆராவது நெருக்கினாங்களா எண்டதுக்கு, தங்கச்சிதான் வேணாம் வேணாம் எண்டு அழுதா, நான்தான் அவவை ஏசி இழுத்துக்கொண்டு வந்தன் எண்டான். முதல் தரமா மேசையில சிரிப்புச் சத்தம் கேட்டுது. பதிவு எழுதுறவர் பேனையோட, மேடம், விருப்பம் எண்டு போடுறதா, இல்லை எண்டு போடுறதா எண்டு கேட்டார். தலைவி இங்கிலீசை விட்டுட்டுத் தமிழில சொன்னா: "அவர் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாம அப்படியே எழுதிட்டு, கீழ 'அனுமதி'ன்னு போடுங்க, இதுக்கு மேல ஒரு விருப்பத்தை நான் பார்த்ததில்ல."

கண்ணாடிக்கு அங்கால

ஒப்பிரேசன் முடிஞ்சு ரெண்டு பேரும் தப்பிட்டாங்க. புதுச் சிறுநீரகம் ஒப்பிரேசன் மேசையிலயே வேலை செய்யத் தொடங்கிட்டுது எண்டு பிருந்தா அழுதுகொண்டு சொன்னா. நான் சாமி அறைக்குப் போய் நிண்டுட்டு வந்தன். சில நாள் கழிச்சு ஜுமாவைச் சக்கரக் கதிரையில இருத்தி, மரியமு படுத்திருந்த அறைக் கண்ணாடிக்கு இங்கால கொண்டு வந்தாங்க. உள்ளுக்கு ஒரு போன், வெளிய ஒரு போன், நடுவில நான்.

பிருந்தாவுக்கு மனசு பொங்கிட்டுது. "சார், அண்ணனுக்கு நன்றி சொல்லச் சொல்லுங்க சார், பாவம் எவ்ளோ பெரிய விஷயம் குடுத்திருக்காரு" எண்டா. சொல்லாம விட ஏலாது, கட்டுப்பாடு. அப்பிடியே மாத்திச் சொன்னன். மரியமு விளங்காத மாதிரி என்னைப் பாத்தா. பொறகு பிருந்தாவைப் பாத்தா. நன்றி எண்டு ஒண்டும் வரல்ல. ஜுமாவும் அதை எதிர்பாத்த மாதிரித் தெரியல்ல, தலையைக் குனிஞ்சு கதிரைக் கையைத் தடவிக்கொண்டு இருந்தான். குழுவுக்கு முன்னால கண் கலங்காத மனிசன், தாயோட கதைக்கக்குள்ளயும் கலங்காத மனிசன். மரியமு கையை மெல்ல எடுத்துத் தன்ட வயித்தில, தையலுக்குப் பக்கத்தில வைச்சா. கொஞ்ச நேரம் அப்பிடியே வைச்சிருந்துட்டு, போனைக் கிட்ட எடுத்தா. அவ சொன்னதைக் கேட்டு ஜுமா ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிருந்தா, "என்ன சார் சொன்னாங்க, என்ன சார்?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. மரியமு சொன்னது இவ்வளவுதான்: "காக்கா, நல்லாப் பாத்து வைச்சிருந்திருக்கீங்க."

மொழிபெயர்த்த சொல்லுக்கு இவ்வளவு எண்டு எனக்கு ஒழுங்காச் சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கு, ஆனா ஜுமா சொல்லாம விட்ட அந்த ஒரு சொல்லுக்கு ஆருக்குப் பில் அனுப்புறது எண்டுதான் இண்டைக்கும் எனக்குத் தெரியா.